மண்ணில் சத்து குறைந்தால் செடியின் மரபணுக்கள் என்ன செய்கின்றன? பெங்களூரு மாடித் தோட்டக்காரர்களும் மாணவர்களும் கேட்கும் கேள்விகள்

பால்கனியில் ஒரே ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருப்பவருக்கும், ஹெப்பாள் பக்கம் ஆய்வுக்கூடத்தில் தாவர மரபணு படிக்கும் தமிழ் மாணவருக்கும் சேர்த்தே இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. இருவர் கேள்வியும் அடியில் ஒன்றுதான்: செடி ஏன் இப்படி நடந்துகொள்கிறது? தழைச்சத்து என்றால் நைட்ரஜன், மணிச்சத்து என்றால் பாஸ்பரஸ், சாம்பல்சத்து என்றால் பொட்டாசியம். மரபணுப் பெயர்களை ஆய்வுக்கூடத்தில் சொல்லும் உச்சரிப்பிலேயே தமிழில் எழுதியிருக்கிறோம்.

மண்ணில் சத்து குறைந்திருப்பது செடிக்கு எப்படித் தெரிகிறது?

மண்ணைவிடத் தன் செல்லுக்குள் உள்ள இருப்பைத்தான் செடி அதிகம் கவனிக்கிறது. நாம் கடையில் எத்தனை மூட்டை அரிசி இருக்கிறது என்று பார்ப்பதில்லை, வீட்டு டப்பாவைத்தான் திறந்து பார்க்கிறோம். அப்படித்தான்.

மணிச்சத்தை எடுத்துக்கொள்வோம். செல்லில் பாஸ்பேட் (வேர் எடுத்துக்கொள்ளும் மணிச்சத்து வடிவம்) தாராளமாக இருந்தால் இனோசிட்டால் பைரோபாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறு சேரும். அது எஸ்பிஎக்ஸ் என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அந்தப் புரதம் பிஎச்ஆர்-1 என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பஞ்ச காலத்து மரபணுக்களை எழுப்புவது இந்த பிஎச்ஆர்-1தான். பாஸ்பேட் இருப்பு இறங்கினால் பைரோபாஸ்பேட்டும் இறங்குகிறது, பிடி தளர்கிறது, விடுபட்ட பிஎச்ஆர்-1 டிஎன்ஏ-வில் போய் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான மரபணுக்களைப் படியெடுக்க வைக்கிறது. பிஎச்ஆர்-1 பற்றி 2001-லேயே தெரிந்துவிட்டது. எஸ்பிஎக்ஸ் எதைப் பிடித்து இருப்பை உணர்கிறது என்பது 2016-ல்தான் தெரிந்தது.

மற்ற சத்துகளுக்கு இடைத்தரகர் இன்னும் குறைவு. நைட்ரேட்டை (வேர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து வடிவம்) என்எல்பி-7 என்ற புரதம் நேரடியாகவே பிடித்து உணர்கிறது (2022-ல் காட்டப்பட்டது). துத்தநாகத்துக்கு பிஜிப்-19, பிஜிப்-23 என்று இரண்டு புரதங்கள். துத்தநாகம் அவற்றில் ஒட்டியிருக்கும்வரை சும்மா இருக்கும், ஒட்டுவதற்குத் துத்தநாகம் கிடைக்காதபோது வேலையை ஆரம்பிக்கும். இவை பெரும்பாலும் கடுகுக் குடும்பத்துக் களைச்செடியான அராபிடாப்சிஸில் கண்டவை. நெல்லிலும் இதே அமைப்பு உண்டு, அங்கே பிஎச்ஆர்-1-க்கு ஈடானது பிஎச்ஆர்-2.

இந்த மாற்றம் எவ்வளவு நேரத்தில் நடக்கும்?

சத்தைப் பொறுத்தது. காய்ந்து கிடந்த வேருக்கு நைட்ரேட் கொடுத்தால் சில நிமிடங்களிலேயே மரபணுக்கள் எழும். பாஸ்பேட்டை நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது. செல்லின் வெற்றிடப்பையில் சேமிப்பு இருக்கும், அது தீரச் சில நாள் ஆகும். இரும்புக்கு ஒன்று முதல் மூன்று நாள். நம் கண்ணுக்கு இலையில் தெரிவது இவை எல்லாவற்றுக்கும் வெகுநாள் கழித்து. இலை மஞ்சளாகும் நேரத்தில் வேரில் அவசர வேலை தொடங்கி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

மணிச்சத்து குறைந்தால் செடி சரியாக என்னென்ன செய்யும்?

இதுதான் அதிகம் ஆராயப்பட்ட பகுதி. பெங்களூருக்கு நேரடியாகப் பொருந்துவதும் இதுதான். நர்சரியில் 'கெம்மண்ணு' என்று கோணிப்பையில் கட்டித் தரும் செம்மண்ணில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் நிறைய. அவை பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு விடாது. சாதாரணமாகவே மண்நீரில் கரைந்திருக்கும் பாஸ்பேட் பத்து மைக்ரோமோலாருக்கும் குறைவாகத்தான் இருக்கும். செல்லுக்குத் தேவையானது அதைப்போல ஆயிரம் மடங்கு. இந்த ஏற்றத்தில் இழுப்பதற்காகச் செடி செய்யும் வேலைகள் இவை.

முதலில் வேரின் வாசல்களைப் பெருக்குகிறது. பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவரும் பிஎச்டி-1 வகைக் கடத்திப் புரதங்கள் வேர் மேற்பரப்பில் நிறைய முளைக்கின்றன. சாதாரண நாட்களில் பிஎச்ஓ-2 என்ற புரதம் இந்த வாசல்களை அவ்வப்போது உடைத்துப் போடும். அளவுக்கு மீறி உள்ளே வராமல் இருக்க அது ஒரு காவல். பஞ்சம் வந்ததும் பிஎச்ஆர்-1 மைக்ரோஆர்என்ஏ-399 என்ற குட்டி ஆர்என்ஏ-வைச் செய்ய வைக்கிறது. அது பிஎச்ஓ-2-வின் தூது ஆர்என்ஏ-வை (புரதம் செய்ய மரபணுவிலிருந்து எடுத்த படி) துண்டித்துவிடும். காவல் விலகுகிறது, வாசல்கள் நிலைக்கின்றன. இந்தக் குட்டி ஆர்என்ஏ இலையில் உருவாகி, தண்டில் உணவு கடத்தும் குழாய் (ஃபுளோயம்) வழியாக வேருக்கு இறங்குகிறது என்பதை ஒட்டுக்கட்டிய செடிகளில் 2008-ல் காட்டினார்கள். பசியை உணர்ந்த இலையே வேருக்குச் செய்தி அனுப்புகிறது என்று பொருள்.

அந்தச் செய்தியும் மிஞ்சிவிடக் கூடாது. அதற்காக ஐபிஎஸ்-1 என்ற ஆர்என்ஏ தயாராகிறது. அதில் மைக்ரோஆர்என்ஏ-399 ஒட்டும் இடம் உண்டு, ஆனால் வெட்டும் இடத்தில் ஒரு புடைப்பு இருப்பதால் வெட்ட முடியாது. குட்டி ஆர்என்ஏ அங்கேயே மாட்டிக்கொள்கிறது. 2007-ல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு தாவர உலகத்துக்கு அப்பாலும் பேசப்பட்டது. புரதம் எதுவும் செய்யாத ஓர் ஆர்என்ஏ தூண்டிலாக வேலை செய்வதை முதலில் தெளிவாகக் காட்டியது அதுதான்.

அடுத்தது வேரின் உருவம். வேர்த்தூவிகள் இரண்டு மூன்று மடங்கு நீளும், நெருக்கமாகும். பக்கவேர்கள் மேல்மண்ணை நோக்கிப் பரவும், ஏனென்றால் பாஸ்பேட் பெரும்பாலும் மேலேதான் இருக்கும். வேர் அமில பாஸ்படேஸ் என்ற நொதியை வெளியே விட்டு, மட்கில் பூட்டிக் கிடக்கும் பாஸ்பேட்டைக் கழற்றும். சிட்ரேட், மாலேட் போன்ற அமிலங்களைக் கசியவிட்டு இரும்பு, அலுமினியத்தின் பிடியிலிருந்து விடுவிக்கும். பெங்களூரு சாலைகளிலும் கூர்க் காபித் தோட்டங்களிலும் நிற்கும் சில்வர் ஓக் மரம் இதைக் கடைசி எல்லைவரை கொண்டுபோகும் புரோட்டியா குடும்பத்தைச் சேர்ந்தது. புட்டி கழுவும் பிரஷ் போலக் கொத்துக்கொத்தாக வேர்விட்டு அமிலத்தை ஒரே இடத்தில் கொட்டும்.

உள்ளே சிக்கனமும் நடக்கிறது. செல் சவ்வில் உள்ள பாஸ்போலிப்பிடுகளைக் கழற்றி, பாஸ்பரஸ் இல்லாத கந்தகக் கொழுப்பையும் காலக்டோஸ் கொழுப்பையும் அங்கே வைத்து, மிச்சமான பாஸ்பேட்டை வளரும் நுனிக்கு அனுப்புகிறது. வாடகை கொடுக்க வீட்டுச் சாமானை விற்பது போன்ற முடிவு இது; செடி இதை லேசில் எடுப்பதில்லை.

இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கிறது. மணிச்சத்துக் குறைதானே?

இருக்கலாம், ஆனால் அந்த ஒரு அடையாளத்தை மட்டும் நம்பி உரம் போடாதீர்கள். ஊதா நிறம் ஆந்தோசயனின். பாஸ்பேட் குறைந்தால் சர்க்கரை இலையிலேயே தேங்கும், அதோடு ஆந்தோசயனின் மரபணுக்கள் எழும். குளிரிலும் கடும் வெயிலிலும் இதே மரபணுக்கள் எழும். பெங்களூரில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் 15 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும்போது தக்காளி நாற்று ஊதாவாவது சாதாரணம். பிப்ரவரி பாதியில் தானாகச் சரியாகிவிடும். உண்மையான குறையில் இலை சிறுத்து, வழக்கத்தைவிடக் கரும்பச்சையாகி, பழைய இலையில் முதலில் தெரியும், செடியே குட்டையாக நிற்கும். நாற்று ஊதாவாக இருந்தும் நன்றாக உயர்ந்துகொண்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

போர் தண்ணீர் ஊற்றும் செம்பருத்தியில் புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. இரும்பு போட்டும் சரியாகவில்லை. ஏன்?

மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். செடிக்கு எடுக்க முடியவில்லை. பிஹெச் (மண் அமிலமா காரமா என்று காட்டும் அளவு) ஒரு புள்ளி ஏறினால் கரைந்த இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். கடினமான போர் தண்ணீரில் பைகார்பனேட் இருக்கும். அது மாதக்கணக்கில் தொட்டியில் சேர்ந்து பிஹெச்சை 7.5, 8 என்று ஏற்றிவிடும்.

செடி போராடாமல் இல்லை. செம்பருத்தி, தக்காளி, மிளகாய், கறிவேப்பிலை போன்ற இருவித்திலைச் செடிகளில் எஃப்ஐடி என்ற புரதம் துணைப் புரதங்களுடன் சேர்ந்து மூன்று வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்குகிறது. ஒரு பம்பு வேரைச் சுற்றி அமிலத்தை (புரோட்டான்களை) வெளியேற்றும். எஃப்ஆர்ஓ-2 நொதி எளிதில் கரையாத ஃபெரிக் இரும்பைக் கரையும் ஃபெரஸ் ஆக்கும். ஐஆர்டி-1 வாசல் அதை உள்ளே இழுக்கும். கூடவே கூமரின் வகைப் பொருட்களும் வேரிலிருந்து கசிந்து இரும்பைக் கரைக்கும். சிக்கல் எங்கே என்றால், பைகார்பனேட் இந்தப் பம்பு வெளியேற்றும் அமிலத்தை அப்போதைக்கப்போதே சமன் செய்துவிடும். எஃப்ஆர்ஓ-2 அமிலச் சூழலில்தான் நன்றாக வேலை செய்யும். மரபணு எழுகிறது, புரதமும் வருகிறது, வேலை மட்டும் நடக்கவில்லை. நீங்கள் மண்ணில் போட்ட அன்னபேதியும் (ஃபெரஸ் சல்பேட்) சில நாளில் துருவாகிவிடும்.

செய்ய வேண்டியது:

முதலில் பிஹெச் பாருங்கள். 20 கிராம் தொட்டி மண், 50 மில்லி பேட்டரி தண்ணீர் (பெட்ரோல் பங்கில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீர்), அரை மணி நேரம் விட்டுவிட்டுக் கலக்கி, தெளிந்த நீரில் பிஹெச் தாளை நனைத்துப் பாருங்கள். 7.2-க்கு மேல் என்றால் சந்தேகமில்லை.

உடனடி உதவிக்கு இலைவழி: 1 லிட்டர் நீரில் சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைத்து, பிறகு அன்னபேதி 5 கிராம் கரைத்து, மாலையில் இலையின் இரு பக்கமும் தெளியுங்கள். சிட்ரிக் அமிலம் முதலில். மாற்றிச் செய்தால் கரைசல் பழுப்பாகிவிடும், பழுப்பானதைத் தெளிக்க வேண்டாம். வெயிலில் தெளித்தால் இலையில் கருகிய புள்ளி வரும். 8 முதல் 10 நாள் இடைவெளியில் மூன்று முறை. அடுத்து வரும் இலை பச்சையாக வருகிறதா என்று பாருங்கள், ஏற்கெனவே வெளுத்தது முழுதாகத் திரும்பாது.

மண்வழி கொடுப்பதானால் எந்தச் செலேட் (இரும்பைப் பிடித்துக் கரைந்தபடியே வைத்திருக்கும் பொருள்) என்று பொட்டலத்தில் படியுங்கள். உரக்கடையில் மலிவாகக் கிடைக்கும் 12 சதவீத இரும்பு பெரும்பாலும் இடிடிஏ. அது பிஹெச் 6.5 தாண்டினால் இரும்பைக் கைவிட்டுக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். காரத் தொட்டிக்கு இடிடிஎச்ஏ (6 சதவீதம், கருஞ்சிவப்பு) தான் சரி. விலை கூடுதல், வீணாகும் மலிவு உரத்தைவிட இதுவே லாபம்.

மூல காரணம் தண்ணீர். காவேரி தண்ணீர் வரும் நாளில் அதை ஊற்றுங்கள், மழைநீரைப் பிடித்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஐஆர்டி-1 வாசல் இரும்பை மட்டும் விடுவதில்லை. துத்தநாகம், மாங்கனீசு, காட்மியம் எல்லாம் அதில் நுழையும். இரும்புப் பசியில் இருக்கும் கீரை காட்மியத்தையும் கூடுதலாக இழுக்கும். அதனால் கழிவுநீர் கலந்த ஏரிகளின் வண்டலையும் சாலையோர மண்ணையும் கீரைத் தொட்டியில் போடாதீர்கள்.

ராகியும் சோளமும் ஏன் அதே மண்ணில் பச்சையாக நிற்கின்றன?

புல் குடும்பம் வேறு வழியில் போகிறது. இரும்பை ஃபெரஸ் ஆக்கி இழுப்பதற்குப் பதில், மியூஜினிக் அமிலக் குடும்பத்தைச் சேர்ந்த பொருளை வேரிலிருந்து வெளியே அனுப்பி, அது ஃபெரிக் இரும்பைப் பிடித்ததும் இரண்டையும் சேர்த்தே உள்ளே எடுத்துக்கொள்ளும். இதை ஓட்ஸ், நெல் வேர்க் கசிவில் ஜப்பானின் தகாகி 1976-ல் கண்டார். பார்லியில் இந்தக் கசிவு விடிந்து சில மணி நேரத்துக்குள் உச்சத்தில் இருக்கும். நுண்ணுயிர்கள் தின்று தீர்ப்பதற்குள் ஒரே வீச்சில் கொட்டி எடுத்துவிடும். பிஹெச் ஏற்றம் இதை அவ்வளவாகப் பாதிக்காது. சுண்ணாம்பு மண்ணில் நிலக்கடலைக்கு நடுவே மக்காச்சோளம் போட்டால் கடலையின் மஞ்சள் குறைவதைச் சீன வயல்களில் கண்டிருக்கிறார்கள். நெல் இரண்டு வழியையும் வைத்திருக்கிறது, தேங்கிய நீரில் ஃபெரஸ் இரும்பு ஏராளம் என்பதால் நேரடி வாசலும் உண்டு.

எலும்புத்தூளும் டிஏபியும் தாராளமாகப் போட்டால் நல்லதுதானே?

இல்லை. மாடித் தோட்டங்களில் நாங்கள் அதிகம் காணும் தவறு இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பாஸ்பேட் நிறைந்தால் மேலே சொன்ன அத்தனையும் அணைந்துவிடும். வேர்த்தூவி குட்டையாகும். வேரோடு கூடி வாழும் மைக்கோரைசா பூஞ்சையோடு உள்ள உறவும் அறும்: பசித்த வேர்தான் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிட்டுப் பூஞ்சையைக் கூப்பிடும். நெல்லில் இந்த உறவுக்கான மரபணுக்களையும் பிஎச்ஆர் புரதங்களே இயக்குகின்றன என்று 2021-ல் தெரிந்தது. டிஏபி-யில் 46 சதவீதம் பாஸ்பேட் (பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கில்). அதை ஒரு பிடி போட்டுவிட்டு அதே வாரம் 'வேம்' (இந்தப் பூஞ்சை கலந்த உயிர் உரம்) வாங்கிப் போடுவது காசை மண்ணில் கொட்டுவது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கடுகு ஆகியவை இந்தப் பூஞ்சையோடு சேர்வதே இல்லை. தண்டுக்கீரை, பாலக் குடும்பமும் பெரும்பாலும் சேராது. அந்தத் தொட்டிகளில் வேம் தேவையில்லை.

அடுத்த பாதிப்பு துத்தநாகம். மணிச்சத்து மிகுந்து துத்தநாகம் குறைந்தால், செடி பாஸ்பேட்டைக் கட்டுப்பாடில்லாமல் மேலே ஏற்றும், இலையில் அது நஞ்சளவுக்குச் சேரும். இலை குட்டையாகி ரோஜாப்பூ போல அடுக்கிக்கொள்ளும், நரம்பிடை வெளுக்கும். இதைப் பார்த்து 'சத்து போதவில்லை' என்று இன்னும் டிஏபி போடுவது வழக்கமாக நடக்கிறது. துத்தநாகக் குறை எவ்வளவு பெரிய ஆளையும் ஏமாற்றும்: வட இந்திய நெல்வயல்களைத் தாக்கிய 'கைரா' நோய்க்குக் காரணம் கிருமி அல்ல, துத்தநாகக் குறைதான் என்று 1966-ல் பந்த்நகரில் ஒய். எல். நேனே காட்டும்வரை அது புதிராகத்தான் இருந்தது. தெளிக்க, 1 லிட்டருக்குத் துத்தநாக சல்பேட் 5 கிராம், அதைச் சமன் செய்ய நீற்றிய சுண்ணாம்பு 2.5 கிராமைக் கரைத்துத் தெளியவைத்த நீர்.

எலும்புத்தூள் வேறு கதை. அமில மண்ணில் மட்டும் மெல்லக் கரையும். போர் தண்ணீரால் பிஹெச் 7.5 ஆன தொட்டியில் அது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

தழைச்சத்து விஷயத்தில் செடி எப்படி முடிவெடுக்கிறது?

வேரெல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பதைச் செடி அறிந்திருக்கிறது. தொட்டியின் ஒரு பக்கம் தொழுவுரம், மறுபக்கம் வெறும் மண் என்று வையுங்கள். பசித்த பக்கத்து வேர் சிஇபி என்ற சிறு பெப்டைடைத் தண்டு வழியாக இலைக்கு அனுப்பும். இலை அதைப் படித்து, பதில் செய்தியை வேர்களுக்கு இறக்கும். நைட்ரேட் உள்ள பக்கத்தில் மட்டும் அந்தப் பதில் பலித்து, என்ஆர்டி 2.1 என்ற வாசல் பெருகும். ஒரு பக்கத்தின் பசியை மறுபக்கம் ஈடு செய்கிறது. ஆகவே தொட்டி முழுக்க உரத்தைக் கிளற வேண்டியதில்லை. ஒரு பக்கம் வைத்தாலும் செடி கண்டுபிடித்துவிடும்.

என்ஆர்டி 1.1 இன்னும் விசேஷமானது. ஒரே வாசல், இரண்டு வேகம். நைட்ரேட் குறைந்தால் அதன் 101-ஆம் அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட் ஏறி, துளியளவு நைட்ரேட்டையும் விடாமல் பிடிக்கும் நிலைக்கு மாறும். மிகுந்தால் பாஸ்பேட் கழன்று நிதானமாகும். இதே புரதம் உணரும் வேலையையும் செய்கிறது.

அவரை, பீன்ஸ், காராமணிக்கு யூரியா வேண்டாம். நைட்ரேட் மிகுந்தால் வேரிலிருந்து கிளம்பும் செய்தி இலை வழியாகச் சுற்றி வந்து முடிச்சு உருவாவதை நிறுத்திவிடும். நட்ட முதல் மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் மட்கு போதும். பிறகு வேர் முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, பச்சை அல்லது வெள்ளை என்றால் நடக்கவில்லை.

சில குறை பழைய இலையிலும் சில குறை புது இலையிலும் ஏன் வருகிறது?

தழை, மணி, சாம்பல், மெக்னீசியம் ஆகியவற்றைச் செடியால் பழைய இலையிலிருந்து பிடுங்கிப் புதியதற்கு அனுப்ப முடியும். அதற்கென முதுமை மரபணுக்கள் உண்டு, பச்சையத்தையும் புரதத்தையும் ஒழுங்காகப் பிரித்து ஏற்றுமதி செய்யும். இரும்பு, கால்சியம், போரான் அவ்வளவு எளிதில் நகராது, ஆகவே புது இலையில் தெரியும். கந்தகம் இரண்டுக்கும் நடுவே, பெரும்பாலும் புது இலையில்.

போரானுக்குத் தனியாக ஏதாவது கட்டுப்பாடு உண்டா?

உண்டு, மிக அழகானது. போரானில் குறைக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள இடைவெளி குறுகியது, அதனால் செடி நிமிடக் கணக்கில் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. என்ஐபி 5.1 என்ற போரான் வாசலின் தூது ஆர்என்ஏ-வின் தொடக்கப் பகுதியில், 'ஆரம்பி' என்ற குறியும் 'நிறுத்து' என்ற குறியும் ஒட்டியபடி அடுத்தடுத்து இருக்கின்றன. போரான் மிகுந்தால் ரைபோசோம் அங்கே தடுக்கி நிற்கும், அந்த ஆர்என்ஏ-வும் சிதைக்கப்படும். போரான் குறைந்தால் தடங்கல் இல்லை, வாசல் உருவாகும். உள்ளே தண்டுக்கு ஏற்றும் பிஓஆர்-1 புரதத்தையும் மிகுதியின்போது செல் விழுங்கி அழித்துவிடும்.

இந்தக் குறுகிய இடைவெளியை நாமும் மதிக்க வேண்டும். தக்காளி, பப்பாளிக்குப் போராக்ஸ் லிட்டருக்கு 1 கிராம், பூக்கும் சமயம் ஒரு தெளிப்பு, தேவைப்பட்டால் 15 நாளில் இன்னொன்று. 'ஒரு ஸ்பூன்' கணக்கில் மண்ணில் போடாதீர்கள். இலை ஓரம் கருகிய பிறகு திரும்ப எடுக்க முடியாது.

பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே செய்து காட்ட முடியுமா?

முடியும். தக்காளி விதை எடுங்கள். அவரை, பயறு வேண்டாம்: பெரிய விதையில் ஃபைடேட்டாகச் சேமித்த பாஸ்பரஸ் இரண்டு மூன்று வாரம் தாங்கும், வித்தியாசமே தெரியாது. பெரும்பாலான பள்ளிச் சோதனைகள் தோற்பது இங்கேதான்.

மீன்தொட்டிக் கடையின் வெள்ளை மணலை வினிகர் கலந்த நீரில் ஓரிரவு ஊறவைத்து, பத்து முறை அலசுங்கள். சிவந்த மணலில் இரும்புப் பூச்சு பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கும். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும். ஒவ்வொரு கரைசலுக்கும் 5 லிட்டர் பேட்டரி தண்ணீரில்:

இரண்டுக்கும் பொது: பொட்டாசியம் நைட்ரேட் 1.26 கிராம், கால்சியம் நைட்ரேட் 2.95 கிராம், மெக்னீசியம் சல்பேட் (எப்சம் உப்பு) 1.23 கிராம், பாஸ்பேட் இல்லாத நுண்ணூட்டக் கலவை ஒரு சிட்டிகை.
பாஸ்பேட் உள்ளதற்கு: பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.34 கிராம்.
பாஸ்பேட் இல்லாததற்கு: அதே அளவு பொட்டாசியம் போய்ச் சேர, பொட்டாசியம் குளோரைடு 0.19 கிராம்.

உப்புகளை ஒவ்வொன்றாக, முழு நீரிலும் கரையுங்கள். சிறு தம்ளரில் எல்லாவற்றையும் சேர்த்தால் கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும். ஒளி புகாத தொட்டி, மேலே கறுப்புத் துணி, இல்லையென்றால் பாசி வந்து சத்தைத் தின்னும். தொட்டிக்கு நான்கு நாற்று, அடியில் வடியும்வரை தினமும் ஊற்றுங்கள். மூன்று வாரத்தில், பாஸ்பேட் இல்லாத நாற்று குட்டையாக, கரும்பச்சையாக, அடியில் ஊதாவாக இருக்கும். மணலைத் தண்ணீரில் மெல்ல அலசி எடுத்து வேரைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். தண்டைவிட வேரின் பங்கு கூடியிருக்கும், தூவிகள் பஞ்சு போலத் தெரியும்.

ஆய்வுக்கூடத்தில் பாஸ்பேட் பஞ்சச் சோதனை செய்கிறேன். கியூபிசிஆர் (மரபணு எவ்வளவு எழுந்தது என்று அளக்கும் சோதனை) முடிவு ஒவ்வொரு முறையும் மாறுகிறது. எங்கே தவறு?

பெரும்பாலும் பிசிஆரில் இல்லை, நாற்று வளரும் தட்டில். அதில் ஊற்றும் எம்எஸ் ஊடகத்தில் 1.25 மில்லிமோலார் பாஸ்பேட் உண்டு. 'பாஸ்பேட் இல்லாத' ஊடகத்திலும் அகாரின் அசுத்தத்திலிருந்து கொஞ்சம் வரும். ஒரே கம்பெனி, ஒரே லாட் அகாரில் முழுச் சோதனையையும் முடியுங்கள். பாஸ்பேட்டை எடுக்கும்போது பொட்டாசியத்தை ஈடு செய்தீர்களா என்று பாருங்கள். சுக்ரோஸ் இல்லாவிட்டால் பஞ்ச மரபணுக்கள் மந்தமாகவே எழும். முதன்மை வேர் குட்டையாவதைப் பாஸ்பேட்டின் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள்: ஊடகத்தில் இரும்பு இல்லாவிட்டால் வேர் நீண்டுகொண்டே போகும், வேரில் நேரடியாக வெளிச்சம் பட்டாலும் முடிவு மாறும். தட்டின் வேர்ப்பகுதியை மூடுங்கள்.

அறுவடை எல்லா நாளும் ஒரே மணிக்கு. வேரையும் இலையையும் தனித்தனியாக, நிமிடத்துக்குள் திரவ நைட்ரஜனில். ஒரு மாதிரிக்கு 15 முதல் 20 நாற்று, குறைந்தது மூன்று உயிரியல் மறுசெய்கை. டிஎன்ஏஸ் கட்டாயம், 1 மைக்ரோகிராம் ஆர்என்ஏ. ஒப்பீட்டு மரபணுவாகப் பிபி2ஏ துணை அலகு, சத்துச் சோதனைகளில் வழக்கமான ஆக்டினைவிட நிலையானது. பஞ்சம் உண்மையில் வந்ததா என்று அறிய ஐபிஎஸ்-1, எஸ்பிஎக்ஸ்-1 இரண்டையும் முதலில் ஓட்டுங்கள்; அவை எழவில்லை என்றால் மற்ற எதையும் ஓட்டிப் பயனில்லை. முதிர்ந்த மைக்ரோஆர்என்ஏ-399-ஐ ஆலிகோ-டிடி சிடிஎன்ஏ-வில் தேடாதீர்கள், அதற்குத் தண்டு-வளைய முதலி (ஸ்டெம்-லூப் பிரைமர்) வேண்டும்.

பசியை அனுபவித்த செடியின் விதை அதை நினைவில் வைத்திருக்குமா?

நெல்லில் பாஸ்பேட் பஞ்சம் டிஎன்ஏ மெத்திலேற்றத்தை (டிஎன்ஏ மேல் ஒட்டும் மெத்தில் குறிகளை) மாற்றுவது 2015-ல் தெளிவாகக் காட்டப்பட்டது. மரபணு எழுந்த பிறகே அந்த மாற்றம் வந்தது. பஞ்சம் நீங்கியதும் பெரும்பாலும் மறைந்தது. நடைமுறையில் விதையின் வீரியத்தைத் தீர்மானிப்பது அதில் சேர்ந்திருக்கும் பாஸ்பரஸும் துத்தநாகமும்தான். விதைக்கென்று விடும் செடியைப் பட்டினி போடாதீர்கள்.

பசியைத் தாங்கும் ரகங்கள் இயற்கையில் உண்டா?

உண்டு. கிழக்கிந்தியப் பகுதியின் 'கசலாத்' என்ற பாரம்பரிய நெல், பாஸ்பேட் குறைந்த மண்ணிலும் வேர் பரப்பும். காரணமான பிஸ்டால்-1 மரபணு 2012-ல் அடையாளம் காணப்பட்டது. உரம் கொட்டி வளர்த்துத் தேர்ந்தெடுத்த பல நவீன ரகங்களில் அந்த மரபணுவே இல்லை. நாட்டு விதைகளைக் காப்பாற்றச் சொல்வதற்கு இதைவிடக் கெட்டியான காரணம் எங்களுக்குத் தெரியவில்லை. பிஎச்ஓ-2 காவலை ஒரேயடியாக நீக்கிவிட்டால் ஆகாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஆகாது. காவல் இல்லாத செடி இலை நுனி கருகும்வரை பாஸ்பேட்டைக் குடித்துவிடும்.

மண் பரிசோதனைக்கு எப்படி மாதிரி எடுப்பது?

கடைசியாக உரம் போட்டு ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஒரே வகைச் செடி, ஒரே தண்ணீர் உள்ள ஆறேழு தொட்டிகளில், மேல் சருகை விலக்கி 15 செ.மீ. ஆழம்வரை பக்கத்துக்கு ஒரு பிடி எடுங்கள். பிளாஸ்டிக் கரண்டி நல்லது. துருப்பிடித்த இரும்பும் துத்தநாகப் பூச்சு வாளியும் நுண்ணூட்டக் கணக்கைக் கெடுக்கும். நிழலில் உலர்த்தி, கட்டியை நொறுக்கி, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து எதிரெதிர்க் கால் பங்குகளைத் தள்ளி, மீண்டும் அப்படியே செய்து அரைக் கிலோவுக்குக் கொண்டு வாருங்கள். துணிப்பையில் போட்டு, எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றும் எழுதுங்கள்.

மணிச்சத்துக்கு எந்த முறை என்று பரிசோதனைக் கூடத்தில் கேளுங்கள். அமில மண்ணுக்கு பிரே, நடுநிலை மற்றும் கார மண்ணுக்கு ஓல்சன். மாற்றிச் செய்த எண் பொருளற்றது. போர் தண்ணீர் ஒரு லிட்டரையும் கூடவே கொடுத்து அதன் பைகார்பனேட்டை அளக்கச் சொல்லுங்கள். செம்பருத்தியின் மஞ்சளுக்கு விடை பல சமயம் அந்தப் புட்டியில்தான் இருக்கும்.